இடாப்பு அண்ணை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோய் அல்ல. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று தரம் உரத்து வாசிக்கக் கேட்ட பெயர், எப்படி மறக்கும்? ஹொலண்ட் அரசாங்கத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது இருந்து தொலைக்கலாம் என்ற சின்னப் பயம்தான். அவருடைய மற்றப் பெயரையும் எழுத மாட்டேன். அது அவருடைய மைத்துனருக்குச் சொந்தமானது. அந்த மைத்துனர் கனடாவில் மூன்றாவது ஒரு பெயரில் நிம்மதியாக இருக்கிறார், அவரை ஏன் கெடுப்பது.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் இடாப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலையில் வாத்தியார் விரித்துவைத்துப் பெயர் கூப்பிடுவாரே, அந்த வரவு இடாப்பு. முகத்துக்கு நேரேயே இடாப்பு அண்ணை என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாளும் கோபித்ததில்லை. எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற மனிதர். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் பார்த்தது 2006 மாரியில். நான் சைவக்காரி, வெள்ளிக்கிழமைகளில் இன்றைக்கும் மீன், மச்சம் தொடுவதில்லை. அப்படிப்பட்டவள், ஞாயிறு மத்தியானங்களில் ஒரு வெள்ளைக்காரத் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் கூடுகிற தமிழ் வேதக்காரரிடம் போகத் தொடங்கியதற்கு ஒரே காரணம் மீன் கட்லட். நான் முதியோர் இல்லமொன்றில் ஆட்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற வேலையில் இருந்தேன். அங்கே குசினியில் வேலைசெய்த அக்கா ஒருவர்தான் வா, ஆராதனை முடிய நல்ல சாப்பாடு இருக்கும் என்று கூட்டிப் போனார். எந்தக் கடவுள் என்னை மன்னிப்பது என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நானும் போனேன்.

அன்றைக்கு வேதம் வாசிக்க எழும்பியவர் இவர். மெலிந்த, நெடிய ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதக் குடும்பங்கள் பல வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது எடுத்த கணக்கு ஒன்று பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. யாருடைய பிள்ளைகள் எத்தனை பேர், அவ்வளவுதான் விஷயம். பாரோஷின் பிள்ளைகள், செபத்தியாவின் பிள்ளைகள், ஆராகின் பிள்ளைகள், பெபாயின் பிள்ளைகள் என்று அவர் ஆற அமர வாசித்துக்கொண்டே போனார். பின்வரிசைக் குழந்தைகள் அழுதன. பாஸ்டர் மூன்று தரம் செருமினார். கட்லட் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒட்டகங்களும் வந்தன, ஆறாயிரத்துச் சொச்சம் கழுதைகளும் வந்தன. கழுதைகளையும் அவர் அதே மரியாதையோடுதான் வாசித்தார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கொஞ்சம் விட்டு விட்டு வாசித்திருக்கலாமே என்றேன்.

"ஒரு பேரை விட்டால் அந்த ஆள் வரேல்லை எண்டாயிடும், தங்கச்சி" என்றார். "அவன் பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்தவன்."

அடுத்த மாதமே பாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்: யார் வாசித்தாலும் ஆறு வசனத்துக்கு மேல் கூடாது. சட்டம் எல்லாருக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. எல்லாரும் ஒருவரைத்தான் பார்த்தார்கள்.

இந்த வியாதி அவருக்கு எல்லா இடத்திலும் இருந்தது. படம் முடிந்த பிறகு திரையில் ஓடுகிற பெயர்களை, லைட் பிடித்தவன் சாப்பாடு கட்டியவன் வரைக்கும், கடைசிவரை நின்று வாசிப்பார். நாங்கள் வெளியே குளிரில் நிற்போம். கலியாண அழைப்பிதழில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அழைப்பவர்களின் பெயர்களை வாசிப்பார். அந்த மண்டபச் சுவரில் முதலாம் உலகப் போரில் செத்த அந்தப் பகுதிப் பொடியன்களின் பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கும். வெள்ளைக்காரரே திரும்பிப் பார்க்காத கல். இவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் அதில் பத்துப் பெயராவது வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வேலையும் அவருக்கென்றே அளந்து தைத்ததுபோல வாய்த்திருந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதி அவர் பொறுப்பு. ஒவ்வொரு கிழவன் கிழவியின் உடுப்பிலும் பெயர் எழுதிய சின்னத் துணித்துண்டு வைத்துத் தைத்திருக்கும். தோய்த்து உலர்ந்ததை அந்தப் பெயர் பார்த்து அறை அறையாகப் பிரிக்க வேண்டும். பெயர் கழன்று விழுந்த உடுப்புகளுக்கு ஒரு கூடை இருந்தது. மாதக் கடைசியில் அதை எறிந்துவிடச் சொல்லியிருந்தார் மனேஜர். இவர் எறிய மாட்டார். ஒரு ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய், இது உங்களுடையதா என்று ஞாபகம் கெட்டுப்போன கிழவிகளிடம் கேட்பார். அவர்கள் எல்லாரும் ஓம் என்பார்கள். பிறகு யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் திரும்பிவந்து கூடையில் போடுவார்.

இனி என்னுடைய வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும்.

குசினி அக்காவும் இவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆட்களுக்கு முன்னால் அக்கா அவரை 'அண்ணை' என்பார். சபையிலும் தமையன், தங்கச்சி என்றே பேச்சு. அக்காவுக்கு அப்போது நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும், நல்ல சமையல், நல்ல குணம். மோர்டனில் என் பெரியம்மாவின் மகன் ஒருவர் மனுசி செத்து மூன்று வருஷமாக முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு மகா யோசனை உதித்தது. முறைப்படி தமையனிடம் கேட்பதுதானே மரியாதை என்று ஒரு சனிக்கிழமை ஒரு பெட்டி லட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அண்ணை மிகக் கவனமாகக் கேட்டார். எந்த ஊர், ஆருடைய மகன், என்ன வேலை என்று ஒன்றும் விடாமல் விசாரித்தார். குடிக்கிறவரோ என்றார். கொஞ்சம் என்றேன். கொஞ்சமெண்டால் பரவாயில்லை என்றார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்ச ஒருக்கா வாரும், உமக்கொரு சம்மந்தம் வந்திருக்கு" என்று கூப்பிட்டார்.

அக்கா அகப்பையோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து மேல்மாடிக்குக் கூட்டிப்போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். கதவின் உள்பக்கத்தில் ஒரு கலியாணப் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சீலையில் அக்கா. பக்கத்தில் கோட்டும் தலை நிறைய மயிருமாக இடாப்பு அண்ணை.

கதை இதுதான். தொண்ணூற்றாறில் அக்கா லண்டன் வந்து அகதிக் கேஸ் கொடுத்தபோது அவருடைய மனுசனை இலங்கை ஆமி பிடித்துப் போய் எட்டு மாதம். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. கணவர் காணாமற்போனவர் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேஸ் சரிவந்த பிறகு மனுசன் கிடைத்துவிட்டார். கிடைத்தவரை எப்படி எழுதுவதென்று கேட்கப் போனால், வாயைத் திறந்தீர்கள் என்றால் இருக்கிற விசாவும் போகும் என்று யாரோ அதிபுத்திசாலி பயமுறுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து, ஹொலண்டில் பல வருஷம் இருந்து பாஸ்போர்ட் எடுத்த அக்காவின் தமையனுக்குக் கனடாப் பைத்தியம் பிடித்தது. அவர் வேறொருவர் பெயரில் அங்கே போய்ச் சேர, ஹொலண்ட் பாஸ்போர்ட் சும்மா கிடந்தது. மச்சான்மார் இரண்டு பேருக்கும் ஒரே மீசை. தொண்ணூற்றெட்டில் இடாப்பு அண்ணை தன் மனுசிக்குத் தமையனாக லண்டன் வந்து இறங்கினார்.

ஆகவே ஒரு ஃபைலில் அவர் காணாமற்போன கணவர், இன்னொரு ஃபைலில் கூட இருக்கிற தமையன். இரண்டு ஃபைலும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டு பேருடைய கதையும் முடிந்தது. கவுன்சில் ஆட்கள் திடீரென்று வீடு பார்க்க வந்தால் காட்டுவதற்காக முன்னறையில் ஒற்றைக் கட்டில் ஒன்று விரித்தபடி கிடந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கவுன்சில் கட்டில். அடுத்த வருஷம் நான் வாடகைக்கிருந்த வீட்டை வீட்டுக்காரன் விற்றபோது நான் நாலு மாதம் அவர்களோடு தங்கினேன். அந்தக் கட்டிலில் உண்மையாகவே படுத்த முதல் ஆள் நான்தான். மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றியிருக்கவில்லை, திரும்பிப் படுத்தால் சரசரவென்று வீடு முழுக்கக் கேட்கும்.

பாஸ்போர்ட்டால் ஒரு கூத்தும் நடந்தது. எங்கள் இல்லத்துக்கு ஹொலண்ட்காரக் கிழவி ஒருத்தி வந்தாள். ஞாபகம் தேய்ந்து, அறுபது வருஷம் பேசிய ஆங்கிலம் முழுக்கப் போய், சின்ன வயதுப் பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. சாப்பிட மாட்டாள், குளிக்க மாட்டாள், ஒரே அழுகை. மனேஜர் ஃபைலைப் புரட்டிவிட்டு, தோய்க்கிற பகுதியில் நமக்கொரு ஹொலண்ட்காரர் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இவரைக் கூப்பிட்டுவிட்டார். இவருக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது நன்றி என்ற ஒரு சொல். அதுவும் சந்தேகம்.

நான் சூப்புக் கோப்பையோடு அந்த அறையில் நின்றேன். அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கிழவியின் கட்டிலடியில் தேய்ந்துபோன கறுத்த வேதப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்குப் பாடமான ஒன்றைத் தொடங்கினார். பாரோஷ். செபத்தியா. ஆராக். ஏலாம். கிழவி அழுகையை நிறுத்தினாள். ஏலாம் என்று திருப்பிச் சொன்னாள். இவர் சக்காயி என்றார், அவளும் சக்காயி என்றாள். இரண்டு பேரும் பாபிலோனிலிருந்து பாதித் தூரம் வந்துவிட்ட நேரத்தில் நான் சூப்பைக் கரண்டியால் தீத்தத் தொடங்கினேன், வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற மனேஜர் உருகிப்போய், என்ன அழகான பாஷை என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அவருக்கு இருபது நிமிஷம் மொழிபெயர்ப்பு டியூட்டி.

அந்தப் பட்டியலில் அவருக்கென்று ஒரு ஆள் இருந்தான். ஒரு சனிக்கிழமை, துணித்துண்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குச் சொன்னார். ஊர் திரும்பியவர்களில் ஒரு பூசாரியின் சந்ததி. அந்தப் பூசாரி பர்சிலாய் என்கிற பெரிய வீட்டில் பெண்ணெடுத்து, மாமன் வீட்டுப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவன். திரும்பி வந்து அவனுடைய சந்ததி வம்ச இடாப்பில் பெயரைத் தேடினால் காணவில்லை. நீங்கள் பூசாரிகளே இல்லை என்று தள்ளிவைத்ததுமல்லாமல், பூசாரிமாருக்கு உரிய கோயில் சாப்பாட்டையும் நிப்பாட்டிவிட்டார்கள்.

"பெண்ணெடுத்த வீட்டுப் பேரை வைச்சதுக்குச் சோத்தை நிப்பாட்டினவை, தங்கச்சி" என்று சொல்லும்போது அவருடைய குரலில் நேற்று நடந்த அநியாயத்தின் சூடு இருந்தது.

சாப்பாட்டுக்காகச் சபைக்குப் போகிறவள் என்பதால் எனக்கும் அந்த ஆளில் இரக்கம் வந்தது. பைபிள் படிப்பு நடக்கிற புதன்கிழமைகளில் என்ன பாடமென்றாலும் அண்ணை கையைத் தூக்கி அந்தக் கேள்வியைக் கேட்பார்: பிறகு அந்த ஆட்களுக்குச் சோறு கிடைத்ததோ? பாஸ்டர் முதல் வருஷம் ஆராய்ந்து சொல்கிறேன் என்றார். இரண்டாம் வருஷம் அது நம்முடைய இரட்சிப்புக்கு அவசியமில்லை என்றார். வீட்டில் அக்கா வேறு மாதிரிச் சொன்னார். கோயில் சோறு இல்லாவிட்டால் என்ன, அவன்ர மனுசி சமைச்சுக் குடுத்திருப்பா, நீங்கள் அதை விடுங்கோ என்றார். எனக்கு வந்த கோபம் வேறு. கழுதைக்குக்கூடக் கணக்கு எழுதியவர்கள் அந்தப் பர்சிலாயின் மகளுக்குப் பெயர் எழுதவில்லை.

அந்தக் கதை அவரை ஏன் அப்படிக் கொத்தியது என்பதையும் அந்தச் சனிக்கிழமையே சொன்னார். அவருக்கு ஊரில் கூடப்பிறந்த தமக்கை ஒருத்தி. தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள், தமக்கைதான் எல்லாம். அவர் கலியாணம் கட்டி மனுசி வீட்டோடு, மனுசியின் ஊருக்கே போனது தமக்கைக்குப் பிடிக்கவில்லை. இனி நீ அவையின்ர ஆள், இந்த வீட்டுப் படலையைத் திறக்காதே என்று சொல்லிவிட்டாவாம். பிறகு கடிதமும் இல்லை, பேச்சும் இல்லை. தமக்கையின் ஊரைச் சொன்னார், பெயரைச் சொன்னார். எங்கே இருக்கிறா என்று கேட்டேன். வன்னிக்குப் போனவை எண்டு கேள்வி என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

2009 வந்தது. சித்திரை முழுக்க எங்கள் ஆட்கள் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள், நானும் ஷிப்ட் முடிய ரயில் பிடித்துப் போய் நின்றேன். வைகாசியில் எல்லாம் முடிந்தது. முடிந்தது என்று எழுத ஒரு சொல் போதுமாக இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

உயிரோடு வெளியே வந்த சனத்தை முள்ளுக்கம்பி போட்ட முகாம்களில் வைத்திருந்தார்கள். அங்கே போய்வரக்கூடிய ஒரு கன்னியாஸ்திரி, உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கைப்பட ஒரு பட்டியல் எழுதி லண்டன் சபைகளுக்கு அனுப்பினார். ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வெளிநாட்டில் யாரைத் தேடுகிறார் என்று ஒவ்வொரு வரியும். சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துக் கடிதம் அனுப்பினால், வயது போனவர்களை முகாமுக்கு வெளியே மடத்துக்கு எடுத்து வைத்திருக்க அவரால் ஏலும். ஒருவரும் இல்லாவிட்டால் உள்ளேதான்.

முதல் ஞாயிறு பாஸ்டர் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கி, மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். பிறகு தாளைக் கொண்டுபோய் இடாப்பு அண்ணையிடம் கொடுத்தார். ஆறு வசனச் சட்டம் அத்தோடு செத்தது.

அண்ணை அதை வாசித்த விதத்தை எப்படிச் சொல்ல. அழவில்லை, நடுங்கவில்லை, ஒரு பெயரை மற்றப் பெயரைவிடக் கூட்டிக் குறைத்து வாசிக்கவில்லை. ஒரு ஒழுங்கும் வைத்தார். தன்னைத் தேடுகிற பெயர் வந்தால் அந்த ஆள் எழும்பி ஓம் என்று சொல்ல வேண்டும். அவர் காதுப் பென்சிலை எடுத்து அந்த வரியில் ஒரு சரி போடுவார். ஒருவரும் எழும்பாவிட்டால் மூன்று தரம் வாசிப்பார், பிறகு அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதி மண்ணிற ஃபைலுக்குள் வைப்பார். மண்டபத்தில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். சைவக்காரர், கத்தோலிக்கர், ஒன்றையும் கும்பிடாதவர்கள் எல்லாரும் பின்சுவரோடு நின்றார்கள். எங்கள் றோட்டில் இறைச்சிக்கடை வைத்திருந்த பெருத்த மனிதர் ஒருவர், யாருக்கும் அடங்காத ஆள், மிகச் சின்னக் குரலில் ஓம் என்றது எனக்கு இப்போதும் கேட்கிறது.

அப்படி ஆட்கள் கூடுவதில் பயமும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சபையில் ஒரு குடும்பத்தைப் பற்றி யாரோ பெயர் போடாமல் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அந்தக் குடும்பம் சிதறிப்போனது. மண்டபத்தில் பேசுவது மண்டபத்தோடு நிற்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் ஞாயிறு. அண்ணை வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. தகப்பன் பெயர். பிறகு ஊர். நான் நிமிர்ந்தேன், அவர் எனக்குச் சொன்ன அதே பெயர், அதே ஊர். தேடுவது தம்பியை, லண்டனில் இருப்பதாகக் கேள்வி என்று வாசித்து, தம்பியின் பெயரையும் வாசித்தார்.

அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்கு மேலால் மண்டபத்தைப் பார்த்தார். யாராவது எழும்புகிறார்களா என்று உண்மையாகவே தேடுவதுபோல இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் தரம் வாசித்தார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். மூன்றாம் தரமும் வாசித்தார், அதே குரல். எனக்கு அவரில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினொரு வருஷப் பயம் ஒரு மனிதனை இப்படியா ஆக்கும் என்று பல்லைக் கடித்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் தன் பெயரை எழுதி, மண்ணிற ஃபைலைத் திறந்தார்.

"ஓம்" என்றார் அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவுக்கு வந்தார்.

"ஓம். ஆள் இருக்கு. அவர் என்ர மனுசன்."

அண்ணை அக்காவைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்த வரியில் சரி போட்டார். அடுத்த பெயருக்குப் போனார். இன்னும் பதினாலு பெயர்கள் இருந்தன, ஒன்றையும் விடவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த, சபைக்குப் புதிதாக வந்த அன்ரி என் காதுக்குள் கேட்டார், அவை தமையன் தங்கச்சி எண்டுதானே சொன்னவை என்று. ஓம், இப்ப பத்து நிமிஷத்துக்கு முந்தி வரைக்கும் என்றேன். அந்த மனுசி மிச்ச நேரம் முழுக்க வேதப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் அண்ணை வழக்கம்போலக் கடைசியில் நின்றார். பாஸ்டர் வந்து கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிப் போனார். அக்கா தட்டில் சோறு போட்டு, மேலே இரண்டு கட்லட் வைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு ஆறு கிழமை வாசல் மணி அடித்தால் போதும், அக்கா முன்னறைக்கு ஓடுவார், கவுன்சில் கட்டிலின் விரிப்பைக் கசக்கி யாரோ படுத்து எழும்பியதுபோல ஆக்குவதற்கு. மண்டபம் நிறையச் சனத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்ன மனுசி அவர்தான் என்று நினைவுபடுத்தினால், அது வேற, இது வேற என்பார். ஆனால் ஒருவரும் வரவில்லை. அந்த முறை யாரும் கடிதம் எழுதவில்லை போலிருக்கிறது. எங்கள் ஆட்களைப் பற்றி நான் நல்லதாக நினைத்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பொறுப்புக் கடிதத்தில் அண்ணை தன் சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்தார். நாலு தாள் பழுதாகி ஐந்தாவதில்தான் வைத்தார், கை மச்சானின் கையெழுத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை பாஸ்டரிடமிருந்து போன் வந்தது: தமக்கை மடத்துக்கு வந்துவிட்டா, இந்த நம்பருக்கு எடுங்கள்.

நான் அப்போது வேறு இடத்தில் அறை எடுத்திருந்தேன். அக்கா கூப்பிட்டதும் ஓடிப்போனேன். அண்ணை கவுன்சில் கட்டிலில் இருந்தார், பிளாஸ்டிக் சரசரத்தது. கையில் காஸ் பில் ஒன்று, அதன் பின்பக்கத்தில் என்ன பேசுவதென்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதிவைத்திருந்தார். அக்கா நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. யாரோ எடுத்து யாரையோ கூப்பிட்டார்கள். செருப்புச் சத்தம் மெதுவாக நடந்து வந்தது.

"ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு வயதுபோன குரல்.

அண்ணை பெயரைச் சொன்னார். மச்சானின் பெயரை. பாங்கில், டொக்டரிடம், காஸ்காரனிடம் பதினொரு வருஷமாக இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறார், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இனி நீ அவையின்ர ஆள் என்று சொன்ன மனுசிக்கு, இத்தனை வருஷம் கழித்து, முகாமிலிருந்து தேடிக் கூப்பிட்டதற்கு, அவையின் பெயரையே போய்ச் சொல்லியிருக்கிறார். அண்ணை காஸ் பில்லைப் பார்த்தபடி இருந்தார். நான் வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அக்கா மறுபடி நம்பரை அடித்தார். அடித்து, போனை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். மணி அடித்தது. இந்த முறை உடனே எடுபட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

அவர் காஸ் பில்லைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மண்டபத்தில் வாசிக்கிற அதே குரலில், அதே ஒழுங்கில் சொன்னார். தன் பெயர். தகப்பன் பெயர். ஊர், தமக்கையின் ஊர்.

"தேடுறது அக்காவை" என்றார்.

அங்கே ஒரு காகம் கத்தியது. எங்கோ பாத்திரம் விழுந்தது.

"ஓம்" என்றது அந்தக் குரல். "இருக்கிறன்."

அண்ணை காதிலிருந்து பென்சிலை எடுத்து, காஸ் பில்லின் பின்பக்கத்தில் ஒரு சரி போட்டார்.